பதினாறரைக் கிலோ

மகனே,

போன வாரம் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, உங்க கொப்பியில எண்பத்திரண்டை வெட்டிட்டு நாப்பதுன்னு போட்டிருக்கே, ஏன்?" என்றாய். "பஸ் வருது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை. கடைத்தெருவில் மரக்கறிப் பையோடு, உனக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அரை மணி நேரம் நின்றேன். பிறகு உண்மையாகவே பஸ் வந்தது, அதையும் விட்டுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். பதில் எனக்குத் தெரியும், ஆனால் அது தொலைபேசியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். நீ கேட்டபடி, போன லீவுக்கு வந்தபோது நீ புரட்டிப் பார்த்த அந்தப் பழைய கணிதக் கொப்பியும் இந்தப் பார்சலிலேயே வருகிறது.

உன் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நீ நடத்தப் போகிற பாடத்தின் பெயர் 'கணித மாதிரியுருவாக்கம்: ஓர் அறிமுகம்' என்று நீ சொன்னபோது உன் அம்மா "அது என்னங்க, பொம்மை செய்யிறதா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு இப்படிச் சொன்னேன்: மழை, பஸ், கடை, காய்ச்சல் என்று கண்முன்னே நடக்கிற ஒன்றை எடுத்து, அதில் முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு, மிச்சத்தைச் சமன்பாடாக எழுதுவது, எழுதிய பிறகு அது உண்மையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அவள், "எதை விடுறதுன்னு யாரு சொல்றது?" என்றாள். உன் பாடத்தின் கடினமான கேள்வியை உன் அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்டுவிட்டாள். நீ முதல் வகுப்பில் என் கொப்பியைக் காட்டி, "எங்கப்பா செஞ்ச மாதிரியுரு" என்று ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாய். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொப்பியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. விட்டவன் நான்.

நான் அந்தப் பாடத்தைப் படித்தது தொண்ணூறுகளின் நடுவில், உனக்குப் பத்து வயது இருக்கும்போது. பதுளையில் ஆசிரியர்களுக்கென்று சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடந்தது. எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சேட்டில் சுண்ணக்கட்டித் தூள் படாமல் பாடம் நடத்தக்கூடிய மனிதர். "உங்கட வீட்டு வாசலில நடக்கிற ஒண்டை எடுத்துக்கொண்டு வாங்கோ. புத்தகத்தில இருக்கிறது எனக்கு வேண்டாம்" என்றார். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் பஸ் நேரசூசியையும் எடுத்தார்கள். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதை எடுத்தேன். அப்போது நாம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருந்த ஆசிரியர் வீட்டில் இருந்தோம். உன் அம்மாவும் அத்தையும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தார்கள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நம்மோடு இருந்த என் அக்காதான் உனக்கு அத்தை. அவர் முந்தின வருடம் மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்திருந்தார். அது சரியாகக் கூடவில்லை. பெரும்பாலும் இடது கையால்தான் பறித்தார்.

உன் மாணவர்களில் தோட்டம் தெரியாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தோட்டத்தை மலை மலையாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள்; அந்த மலையில் ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை என்று எழுதப்படும். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். அரைப்பேரே தொடர்ந்து விழுந்தால் கொழுந்து மலையிலிருந்து எடுத்து வேறு வேலைக்குப் போடுவார்கள். நான் பத்து நாள் நிறுவை மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், கொப்பியோடு நின்று முப்பத்திரண்டு பெண்களின் எடையை எழுதினேன். எழுதியதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். வேகமான கையும் மெதுவான கையும், இருபது வயதும் ஐம்பது வயதும், எல்லோரும் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில். நியம விலகல், அதாவது எடைகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, அவ்வளவு சிறியது. இது எப்படி என்று யோசித்து ஒரு விளக்கமும் கண்டுபிடித்தேன்: பதினாறு கிலோ என்பது இந்த மலைக்கு லேசான வேலை, மெதுவானவர்கள்கூட எட்டிவிடுகிறார்கள், வேகமானவர்கள் எட்டியதும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். செடிகளை எண்ணி, கொழுந்து வளரும் வேகத்தைச் சேர்த்து, சமன்பாடு எழுதி, பத்தொன்பது கிலோ வரை எல்லோராலும் முடியும் என்று நிறுவினேன். வரைபு அவ்வளவு அழகாக வந்தது. எண்பத்திரண்டு புள்ளி. வகுப்பிலேயே அதுதான் கூட.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பயன்படுத்தப் போறவருக்குக் காட்டினால்தான் மாதிரியுரு முழுமையாகும்" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். நான் நேராகத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஆபீசுக்குப் போனேன். எங்கள் அப்பா அந்த ஆபீசின் வாசற்படிக்குக் கீழே நின்றுதான் பேசுவார். எனக்குக் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். துரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "மாஸ்டர், ரொம்ப நல்லா இருக்கு. ஒரு கொப்பி குடுங்க" என்றார். தலைகால் புரியாமல் பிரதி எடுத்துக் கொடுத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது என் கணக்கு சரியா என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வெளியே போகிறவர்கள் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது அறிவித்துவிட்டார்கள், அந்த மலைக்கு இனிப் பத்தொன்பது கிலோ. ஒரு நாள் உன் அம்மா சோறு போட்டுக்கொண்டே, அத்தை கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, "உங்க அக்கா கூடைக்கு இனி யாரு போடுறது? எங்களுக்கே பத்த மாட்டேங்குது" என்றாள். நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன், கணக்கில் எதை விட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால், மடுவத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில், கூடுதலாகப் பறித்தவர்கள் தங்கள் கூடையிலிருந்து அள்ளிக் குறைந்தவர்களின் கூடையில் போடுவார்கள். கைக்குழந்தைக்காரி, காய்ச்சலில் எழுந்து வந்தவள், மணிக்கட்டு உடைந்தவள், எல்லோருக்கும் பதினாறு சேரும். கொடுத்தவளுக்கும் பதினாறுக்குக் குறையாமல் மிஞ்சும். எடைகள் ஒரே இடத்தில் குவிந்து நின்றது அதனால்தான். யாரும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. பத்தொன்பது ஆனதும், கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வாங்க வேண்டியவர்களாக ஆனார்கள்.

இதில் என்னால் தாங்க முடியாதது என்ன தெரியுமா? எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. வெளியூர்க்காரன் ஒருவன் வந்து இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் லயத்தில் பிறந்தவன். தம்பி வயிற்றில் இருந்தபோது எங்கள் அம்மாவின் கூடைக்கு மற்றவர்கள் போட்டதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்ணால் பார்த்தவன். ஆனால் பேனாவைக் கையில் எடுத்ததும் அது கணக்கில் சேராத சங்கதி ஆகிவிட்டது. எடுகோள்கள், அதாவது நாமாக உண்மை என்று வைத்துக்கொள்பவை, என்று தலைப்பிட்டு ஆறு எழுதியிருக்கிறேன், பார். மழை ஒரே சீர், செடிகள் ஒரே வயது என்றெல்லாம் இருக்கும். "ஒவ்வொருவரும் தான் பறித்ததையே நிறுக்கிறார்" என்பது அங்கே இல்லை. அது எடுகோள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இனி வருவதுதான் நீ கேட்டதற்கான பதில். இவ்வளவும் தெரிந்த அன்றே நான் ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் நியமனத்தை நிரந்தரமாக்கும் நேர்முகம் அப்போதுதான் வரவிருந்தது. அந்த எண்பத்திரண்டு என் கோவையில், ஆசிரியர் பைலில், போக வேண்டும். நேர்முகம் முடியட்டும், கடிதம் கைக்கு வரட்டும் என்று நாளைத் தள்ளினேன். அப்படியே நாலு மாதம். அதற்குள் அத்தைக்கு அரைப்பேருக்கு மேல் அரைப்பேர் விழுந்து, மலையிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போட்டார்கள். உடைந்த மணிக்கட்டால் அதுவும் முடியவில்லை. இரண்டாவது மாதக் கடைசியில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குக் கிளம்பினார். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் மலைநாட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி கொழும்பில் தனியாக இருப்பதென்றால் பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, கேள்விக்கு மேல் கேள்வி. பதுளை பஸ் நிலையம் வரை அவருடைய பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். "பிள்ளையப் பாத்துக்க தம்பி" என்றார். அத்தைக்கு ஊர் பார்க்க ஆசை, அதனால் போனார் என்று உனக்குச் சொன்னதும் நான்தான். அது பொய்.

நிரந்தரக் கடிதம் வந்த மறுநாள் ஆபீசுக்குப் போனேன். உண்மையைச் சொல்ல முடியாது. அடுத்தவள் கூடையில் கொழுந்து போடுவது தோட்டச் சட்டப்படி குற்றம், பிடித்தால் இரண்டு பேருக்குமே அன்றைய பேர் இல்லை. என் பிழையைத் திருத்தப் போய் முப்பத்திரண்டு பேரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். "சேர், என் கணக்குப் பிழை. பத்தொன்பது வராது, பதினாறுதான்" என்றேன். துரை நிமிர்ந்து பார்த்தார். "எங்க பிழை மாஸ்டர்?" என்றார். "கூட்டல்ல விட்டுட்டேன்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். கணிதம் படிப்பிக்கிற ஆள், கூட்டலில் பிழை! சிரித்தாலும் அந்த மாதமே பதினாறுக்கு இறக்கிவிட்டார், அதற்காக இன்றைக்கும் அவரை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் விரிவுரையாளருக்கு ஒரு கடிதமும் எழுதிவிட்டார். விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு, "நீர் கூட்டலிலயோ பிழை விட்டனீர்? நான் நம்பமாட்டன். உண்மையைச் சொல்லும், புள்ளியைக் குறைக்கமாட்டன்" என்றார். நல்ல மனிதர். சொன்னால் அடுத்த வருட வகுப்பில் உதாரணமாகச் சொல்லிவிடுவார் என்று பயந்து, கொப்பியை மட்டும் அவர் முன்னால் நகர்த்தினேன். கடைசியில் அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "கோவையில போனதை மாத்த ஏலாது. கொப்பியை மாத்தலாம்" என்று எண்பத்திரண்டை வெட்டி நாற்பது போட்டார்.

கதை தோட்டம் முழுக்கப் பரவியது. "கூட்டல் மாஸ்டர்" என்று எனக்குப் பெயர் வந்தது. அதற்காக நீ ஒரு பையனின் மூக்கை உடைத்துவிட்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன்னைத் திட்டினேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரைத் தோட்டம் மறுபடி பதியாது; அத்தை ஆறு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். இடையில் ஒரு முறை, ஊருக்கு வந்த ஒருவரிடம் உனக்கென்று ஒரு கல்குலேட்டர் கொடுத்தனுப்பினார். உயர்தரப் பரீட்சை வரைக்கும் அதைத்தான் நீ வைத்திருந்தாய். ஒவ்வொரு முறை நீ அதன் பொத்தானை அழுத்தும்போதும் நான் எழுந்து வெளியே போவேன், நீ கவனித்திருக்க மாட்டாய்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு மாதிரியுருவே வேண்டாம் என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைக்கவில்லை. சமன்பாடு என்னை ஏமாற்றவில்லை, நான் கொடுத்ததற்கு அது நேர்மையாகத்தான் விடை தந்தது. பாடத்தைத் தைரியமாக நடத்து, எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு இது அவசியம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நம்மைப் பற்றிய சமன்பாட்டை வேறு யாரோதான் எழுதுவார்கள். ஆனால் ஒரு மாணவன் உன்னிடம் அழகான வரைபோடு வந்து, புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் நின்றால், புள்ளி போட அவசரப்படாதே. இவை ஏன் இவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்று கேள். நிறுவை மடுவத்தில் மட்டும் நின்றாயா, அங்கே இறங்கி வருகிற பாதையில் நின்றாயா என்று கேள். எண்ணப்பட்டவர்களிடம் போய், நான் எண்ணியது சரியா என்று கேட்டாயா என்றும் கேள். நான் முப்பத்திரண்டு பேரை எண்ணினேன், ஒருத்தரிடமும் கேட்கவில்லை. அதில் இரண்டு பேர் என் வீட்டிலேயே இருந்தார்கள். பிழை என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லச் சொல். நாலு மாதம் கழித்துச் சொன்னால் அதுவும் ஒரு பிழைதான், முதல் பிழையைவிடப் பெரியது.

உனக்கு எழுதுவதற்கு முன் அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது கிலோ என் கணக்கால் வந்தது என்பது அவருக்கு அப்போதே தெரியும், மலையே பேசியது. பிழை என்று தெரிந்தும் நான் நாலு மாதம் மறைத்ததுதான் தெரியாது. கீரையைக் கீழே வைத்தார். "நான் போறப்ப பைய தூக்கிட்டு பஸ்ஸு வரைக்கும் வந்தியே. அப்பவும் தெரியுமாடா ஒனக்கு?" என்றார். "தெரியும்க்கா" என்றேன். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணியை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு நாள் வேறு இல்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். "அந்தக் கொப்பிய எடு" என்றார். எடுத்தேன். "நீ மடுவத்துக்கு வந்து நின்ன மொத நாளு, என் பேருக்கு நேரா எவ்வளவு போட்டிருக்க?" என்று கேட்டார். பதினான்காவது வரி. பதினாறரை என்று வாசித்தேன். "தப்பு" என்றார். "அன்னைக்கு நான் எடுத்தது ஒம்போது கிலோதான். சாதாரணமா பன்னெண்டு எடுப்பேன். அன்னைக்குக் கை ரொம்ப வலி. நீ கொப்பியோட மடுவத்துல நிக்கிறன்னு யாரோ வந்து சொன்னாங்க. தம்பி முன்னால அக்கா கொறஞ்சு நிக்கக் கூடாதுன்னு, ஆளாளுக்கு அள்ளிப் போட்டாங்க. ஒம் பொண்டாட்டி மூணரை. பக்கத்து நிரைக்காரி ரெண்டு. இன்னும் ரெண்டு பேரு ஒவ்வொரு கிலோ." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கூட்டிப் பாரு. ஒனக்குக் கூட்டல் வருமில்ல?"

ஒன்பது, மூன்றரை, இரண்டு, ஒன்று, ஒன்று. கூட்டினேன். பதினாறரை. என் கண் முன்னால் தராசில் ஏறிய எடை அது. என் கையால் எழுதியது. அன்று அந்தக் கூடை கனமாக இருந்ததே நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். உன் அத்தை சிரித்தார், பிறகு அழுதார். நானும்தான். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "பிள்ளைகிட்ட சொல்லு, வகுப்புல தாராளமா சொல்லட்டும். தோட்டத்துப் பேரு, மலை நம்பரு ஒண்ணும் வேணாம். இன்னைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தில் தோட்டத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இல்லை, உன் மாணவர்களுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டலாம். கொப்பியில் தோட்டத்தின் பெயரும் பெண்களின் பெயர்களும் வரும் இடங்களை எல்லாம் மை போட்டு அடித்திருக்கிறேன்.

நாற்பதை நான் தொடவில்லை, அது இருக்கட்டும். பதினான்காவது வரியை மட்டும் திருத்தியிருக்கிறேன். பதினாறரையை வெட்டினேன், பக்கத்தில் ஒன்பது என்று இருக்கிறது. நான் போட்ட ஒன்பது இல்லை அது. பேனாவை என்னிடமிருந்து வாங்கி, உடைந்து கூடிய அந்த வலது கையால் உன் அத்தையே எழுதினார். கொஞ்சம் கோணலாக இருக்கும். முதல் வகுப்பை அந்த வரியிலிருந்து ஆரம்பி.

அப்பா